ஆக்சிலேட்டரை முறுக்கு

அன்று காலை நான் முதல் திட்டு வாங்கியது விளக்கெண்ணெய்க்காக. என் வீட்டுக்காரர் தலையில் ஒயர் ஒட்ட வந்த டெக்னீஷியன் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவ்ளோ எண்ணெய் வெச்சது? இதுல எங்க ஒட்டும்?" என்று கத்தினார். யார் வைப்பார்கள், நான்தான். சூடு தணியட்டும் என்று தினமும் வைத்தேன். ஷாம்பூ போட்டு, தேய்த்து, துடைத்து முடிப்பதற்குள், மயிலாப்பூரில் உட்கார்ந்தே பிளவுஸ் தைத்துப் பழகிய என் இடுப்பு போய்விட்டது.

அவர் லஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து தலையில் அடி. பத்தாம் நாள் கண் திறந்தார். ஐயோ, எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஆனால் கண்தான் திறந்திருந்தது. பார்வை எதன்மேலும் நிற்கவில்லை, கிள்ளினாலும் என் பக்கம் திரும்பவில்லை. அடையாற்றில் அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "முழிப்பு இருக்கு. உணர்வு இருக்கான்னு தெரியலை. மூளையில ஓடுற கரண்டை அளந்து பார்ப்போம். அதுலயும் ஒண்ணும் இல்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. எங்களால இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லை."

மண்டைக்குள் கரண்டா என்று வாயைப் பிளந்தேன். "உங்க மண்டையிலயும் ஓடுதும்மா, பயப்படாதீங்க" என்றார் டெக்னீஷியன்.

என் வீட்டுக்காரர் காதில் ஹெட்போன் மாட்டி, பதிவு செய்த குரல் ஒன்றைப் போட்டார்கள். எங்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது. "இப்பொழுது உங்கள் வலது கரத்தை இறுக மூடுவதாகக் கற்பனை செய்யுங்கள். இப்பொழுது உங்கள் பாதத்தை அசைப்பதாகக் கற்பனை செய்யுங்கள்." நிஜமாகக் கை அசையாவிட்டாலும், அசைப்பதாக நினைத்தாலே கம்ப்யூட்டரில் கோடு மாறுமாம். அரை மணி நேரம் இதே பாட்டு. குரல் சொல்வதற்கும் கோடு ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லை. டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னா சார் இது, நியூஸ் வாசிக்கிறா மாதிரி கீது? கரமாம், கற்பனையாம்! எங்க ஊட்ல எவன் சார் இப்படிப் பேசறான்? யாரோ யாருக்கோ சொல்றாங்கன்னு அந்த மனுசன் பாட்டுக்குப் படுத்துக்கினு இருப்பாரு."

டெக்னீஷியன் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மைக்கை என்னிடம் நீட்டினார். "சரி, நீங்களே சொல்லுங்க. வலது கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. நான் சைகை காட்டும்போது மட்டும்."

நான் யோசிக்கவே இல்லை. "யோவ், ஆக்சிலேட்டர முறுக்கு!" காலுக்கு, "பிரேக்க மிதி!" அவர் காட்டக் காட்ட, முறுக்கு, மிதி, முறுக்கு, மிதி என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா வந்து கோடுகளைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முறுக்குன்னா ஒரு மாதிரி மாறுது, மிதின்னா வேற மாதிரி. தானா வரலை. நீங்க சொல்றது புரிஞ்சு செய்யறார். அவர் உள்ள இருக்காரும்மா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே இருக்கிறார் என்றால் எப்போதிலிருந்து? இத்தனை நாளும் இந்தக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே எல்லாம் பேசினோம்! அடிப்பாவி, நானே என்ன பேசினேன்? போன வாரம் இதே கட்டிலில் சாய்ந்துகொண்டு என் நாத்தனாரிடம் சொன்னேன்: "இப்படிக் கெடக்கறதுக்குப் போய்ச் சேந்துட்டா தேவலக்கா. அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. செத்தவர் முன்னால்கூட அப்படிப் பேசமாட்டார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம் என்றால் முறுக்க வேண்டும், இல்லை என்றால் மிதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா மைக்கில் என் வீட்டுக்காரருக்குச் சொன்னார். கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டார். ஆமாம். நீங்க டாக்டரா என்று கேட்டார். இல்லை. "ரெண்டும் சரி. இப்ப நீங்க ஒண்ணு கேளுங்கம்மா" என்று என்னை எழுப்பிவிட்டார்.

வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் கேட்பாள். என் வாயில் வந்தது வேறு.

"யோவ், போன வாரம் உங்க அக்காகிட்ட நான் பேசினது உன் காதுல வுழுந்துச்சா?"

ஒரு தடவை கேட்டால் மெஷின் நம்பாதாம். பத்து தடவையாவது கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டேன். ஒவ்வொரு தடவையும், கபாலி சாமியே, இந்த மனுஷன் பிரேக்கை மிதிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கேட்டேன்.

"ஆமாங்கறாரு! கேட்டிருக்காரும்மா, நல்லாவே கேட்டிருக்காரு!" டெக்னீஷியன் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். நான் பேசியது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனை விலக்கி, என் வீட்டுக்காரர் காதில் வாயை வைத்தேன்.

"அன்னிக்கி மனசாரத்தான்யா சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கும் மனசாரச் சொல்றேன். போவாத."

திரும்பிக் கோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.