களவெடுத்தால்தான் பிடிக்குமாம்

என் தக்காளியைக் களவெடுத்தவள் என் தங்கை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து, என் வீட்டில் சோறு தின்று, என் பல்கனியில் நின்று, என் கண் முன்னாலேயே எடுத்தாள்.

செரி தக்காளி. நெல்லிக்காயை விடச் சின்னது. பழுத்தாலும் சிவக்காது, செம்மஞ்சளாகவே நிற்கும். கனடாவிலிருந்து ஒரு சிநேகிதி பிறந்தநாள் அட்டைக்குள் விதைப் பொதியை வைத்து அனுப்பியிருந்தாள். பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, தேங்காய்த் தும்புத்தூளும் கொம்போஸ்டும் நிரப்பி நட்டேன். கடல் காற்று இலையைக் கருக்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி பயமுறுத்தினாள். என் கணவர் உடுத்துக் கிழிந்த பழைய சாரம் ஒன்றைக் கட்டி மறைத்தேன். இலைக்காம்பின் கக்கத்தில் வரும் தளிரைக் காலையில் கிள்ளுவேன். விட்டால் செடி காடாகிவிடும், காய் வராது. பூவையும் உலுக்கிவிட்டால்தான் காய்க்கும் என்று சிநேகிதி எழுதியிருந்தாள். அந்த வேலை எனக்கு இருக்கவில்லை. கீழே கடலோரமாக ரயில் போகும்போதெல்லாம் பல்கனிக் கம்பி அதிரும், அதில் கட்டிய செடியும் ஆடும்.

முதல் குலை பழுத்ததும் ஒன்றை என் கணவரின் வாயில் போட்டேன். அவருக்குச் சீனி வருத்தம். இனிப்புக் கூடாது என்றாலும் ஒளித்துத் தின்கிற ஆள். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"இது தக்காளி இல்லையப்பா, டொபி."

அன்றிலிருந்து பின்னேரத் தேத்தண்ணீரோடு சாஸரில் ஏழு பழம். பிஸ்கட் டின்னைத் திறப்பதை விட்டுவிட்டார். நான் வருடக்கணக்காகக் கத்தியும் நிறுத்த முடியாததை ஒரு செடி நிறுத்தியது.

தங்கை வந்த அன்று அந்தச் சாஸரை அவளிடம் நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டாள். மெல்லவில்லை. கன்னம் புடைத்தபடி நின்றாள். பிறகு கைலேஞ்சியால் வாயைத் துடைத்தாள். துடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து அவள் வீட்டுக்குப் போனால், மொட்டை மாடியில் ஆறு தக்காளிச் செடி.

"எங்கால உனக்கு இது?"

"உன்ட வீட்டிலதான். லேஞ்சிக்குள்ள விதையைத் துப்பிக் கொண்டு வந்தனான்."

"கேட்டிருந்தா தந்திருப்பன்தானே, கள்ளி!"

"கேட்டு வாங்கினா வேர் பிடிக்காது அக்கா. களவெடுத்தாத்தான் பிடிக்கும். அம்மா சொல்லேல்லையா?"

அம்மா சொன்னதுதான். எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கன்று முதல் மணி பிளான்ட் வரை ஒன்றும் கேட்டு வந்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் அம்மாவின் கைப்பைக்குள் ஏதோ ஒரு தண்டு இருக்கும். அந்த வீட்டுக்காரரும் காணாத மாதிரி மற்றப் பக்கம் பார்ப்பார்கள். அது மரியாதை.

எனக்குக் கோபம் வந்தாலும் உள்ளுக்குள் சிரிப்பு. ஏனென்றால் பொதியில் கலப்பின விதை என்று போட்டிருந்தது. அந்தப் பழத்தின் விதையை நட்டால் அதே பழம் வராது. நினைத்தபடியே அவளுடைய நாலு செடி வெறும் புளி. ஐந்தாவது பச்சைத் தண்ணீர்.

"ரசம் வை," என்றேன்.

ஆறாவது செடியின் பழத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். என் கணவர் தின்றார். என்னைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ அத்தான், எது இனிப்பு?"

"ரெண்டும்தான்."

"பொய் சொல்லாதீங்கோ."

"உம்மடது கொஞ்சம் கூட," என்று அவளிடம் சொன்னார்.

அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. நானும் தின்று பார்த்தேன்.

அந்த ஒரு செடியின் விதையை மட்டும் அவள் மறுபடி நட்டாள். வந்ததில் ஆக இனிப்பானதைத் தெரிந்தெடுத்து மறுபடியும் நட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தையல் வேலையைக்கூட முடிக்காதவள். கெட்டிக்காரி. இதை அவளுக்கு முன்னால் நான் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் காலை என் செடிகள் பச்சை இலையோடு தொங்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் ஊற்றினேன். எழும்பவில்லை. தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசுக்குள் விட்டபோது பால் மாதிரி ஒரு நூல் இறங்கியது. வாடல் நோய். ஒரு கிழமையில் எல்லாம் போய்விட்டது. மண்ணைக் கொட்டி வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். பொதியில் ஒரு விதையும் மிச்சமில்லை. சிநேகிதி கேட்டுப் பார்த்தாள், அந்த இனம் இப்போது கடையில் வருவதில்லையாம். பிஸ்கட் டின்னின் மூடி மறுபடி சத்தம் போடத் தொடங்கியது.

இனி அந்த இனிப்பு தங்கையின் மாடியில் மட்டும்தான் இருக்கிறது. போய்க் கேட்டேன்.

"தரமாட்டன்."

"ஏனடி?"

"நான் தந்து பட்டுப்போனா? அத்தானுக்கு வேணும் எண்டுதான் சொல்லுறன். நீ களவெடு. நான் குசினிக்குள்ள போறன், பத்து நிமிசத்துக்கு வரமாட்டன்."

போனாள். நான் பயப்படாமல் எடுக்கட்டும் என்று சட்டி பானையைப் போட்டு உருட்டினாள். நான் கைப்பையைத் திறந்தபடி செடிக்கு முன்னால் நின்றேன். குலை குலையாகத் தொங்கியது. கை போகவில்லை. என் தங்கையின் வீட்டில் நான் ஏன் களவெடுக்க வேண்டும்?

"எடுத்தியா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"இல்லை."

"லூசு! அப்ப இன்னும் அஞ்சு நிமிசம் தாறன்."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். என் கணவருக்கு வாய் முழுக்க பிஸ்கட்.

"போய்க் களவெடுத்துக்கொண்டு வாருமப்பா. நான் பொலிசுக்குச் சொல்லமாட்டன்."

எனக்கு அந்த நம்பிக்கை வேண்டாம். அவள் ஆறு செடி வைத்து, ஐந்தைக் கழித்து, ஒன்றைப் பிள்ளை மாதிரி வளர்த்தெடுத்தவள். அப்படிப்பட்டவளின் கையால் வாங்கித்தான் நான் நட வேண்டும். பட்டுப்போனால் அதற்கு நான் பொறுப்பு.

தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம். குசினிக்குள் ஓடாதே, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிரிக்காதே. உன் புருஷன், பிள்ளைகள், உன் அத்தான் எல்லாரும் இருக்கிற மேசைக்கு முன்னால் எழும்பி நின்று பதில் சொல்லு. அந்த விதையை என் கையில் தருவாயா, மாட்டாயா?