மச்சானின் அலுமினிய மட்டை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பர்மாவில் நாங்கள் இருக்கும் இன்சீன் பக்கத்து மைதானத்தில் நாங்கள் பேஸ்பால் ஆடுவோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கடைக்காரர்கள், அலுவலகக்காரர்கள், ஒரு பல் மருத்துவர். பந்து எறிவது என் வேலை. அடிப்பவனுக்கு நேரெதிரே அறுபது அடி தள்ளி நிற்க வேண்டும்.

என் மனைவியின் தம்பியும் எங்களோடு ஆடுவான். மர மட்டையால் அவன் ஒழுங்காக ஒரு பந்தை அடித்து நான் பார்த்ததில்லை. பபேடான் கடைத்தெருவில் ஜப்பானியப் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு அலுமினிய மட்டை வாங்கி வந்தான். அடுத்த ஞாயிறே பந்து வேலியைத் தாண்டியது. அதற்கடுத்த ஞாயிறும் தாண்டியது. மூன்றாவது வாரம் ‘டிங்’கென்று சத்தம் கேட்டதுதான் தெரியும், பந்து என் கையுறை விளிம்பில் பட்டு இடது காதைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: “உன் தம்பி மட்டையில என்னமோ பண்ணியிருக்கான்.”

“அவன் நல்லா அடிச்சா உங்களுக்குப் பொறுக்கலை” என்றாள்.

ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. சிலர் மட்டையின் நுனி மூடியைக் கழற்றி, உள்சுவரைச் சுரண்டி மெலிதாக்குவார்களாம். பந்து இன்னும் வேகமாகத் தெறிக்குமாம். போனில் பார்த்திருந்தேன். மச்சான் ஏசி பழுது பார்ப்பவன், அவனிடம் இல்லாத கருவி கிடையாது. மூடியைச் சுற்றிப் பசை வேறு வெள்ளையாகத் தெரிந்தது.

பிடிக்குப் புது டேப் சுற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி மட்டையைக் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டான். இவ்வளவு லேசாகக் கொடுக்கிறானே என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

இன்சீன் சந்தைக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அங்கிருந்த பர்மியரிடம் கொடுத்தேன். அவர் மூடியை நெம்பி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, சுவரை நாலு பக்கமும் அளந்தார்.

“யாரும் கை வைக்கலை. பசையும் பழசு, வெளுத்துப்போச்சு. இது வெறும் குழாய். பந்து பட்டா சுவர் கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழும்பும், அதுதான் பந்தைத் தள்ளிவிடுது. மர மட்டை அப்படி அமுங்காது” என்றார் பர்மியில். திரும்ப ஒட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு மைதானத்தில் மட்டையை வாங்கியதும் மச்சான் மூடியைத் தடவிப் பார்த்தான்.

“அத்தான், இதை யார் கழட்டினது?”

எல்லாரும் திரும்பினார்கள். பல் மருத்துவர் மட்டையை வாங்கி மோந்து பார்த்து, “புதுப் பசை” என்றார். பந்து எறிகிறவன் கையில் ஒரு வாரம் இருந்த மட்டை. அடி படாமலிருக்க நான் அதைக் கெடுத்துவிட்டேன் என்று அவர்கள் நினைப்பது முகங்களில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்.

மச்சான் கத்தவில்லை. “கேட்டிருந்தா நானே கழட்டிக் காட்டியிருப்பேனே” என்றான்.

பந்து அத்தனை வேகமாக வருவதால் இனி ஆட்டத்தில் மர மட்டை மட்டும்தான், அலுமினியம் தனியாக அடித்துப் பழகுவதற்கு என்று அன்றைக்கே முடிவானது. நிம்மதியாக எறிந்தேன். நாலாவது ஆள் அடித்தபோது மர மட்டை பிடிக்கு மேலே முறிந்தது. முறிந்த பாதி சுழன்று பறந்து, மூன்றாம் பேஸ் மூலையில் நின்றவர் காலருகே மண்ணில் குத்தி நின்றது.

இப்போது ஆட்டத்துக்கு முன் எல்லா மட்டையையும் ஆளுக்கொரு முறை வாங்கி விரிசல் பார்க்கிறோம். மச்சான் ஒரு மாதம் கழித்து வீட்டுக்குச் சாப்பிட வந்தான், அக்காவோடு சிரித்துப் பேசினான். ஆனால் அவனுடைய அலுமினிய மட்டை என் கைக்கு வரும்போது, திருப்பிக் கொடுக்கும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏன் பார்க்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.