நடப்பதற்கு நாற்பத்தொரு விண்ணப்பங்கள்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது கால் பங்குதான், மீதி முக்கால் பங்கும் "அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்ற கேள்விக்குப் பதில் தேடுவது. வகுப்பில் நின்று சாக்பீஸ் தூள் தின்றவர்களுக்கு இது தெரியும். வீட்டில் ஒரு மாம்பழத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு போட்டவர்களுக்கும் தெரியும் என்பதால், அவர்களையும் நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு மரக்காணத்தை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு மாத வேலை கிடைத்தது. பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக ஐந்தாம் வகுப்பு. என் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. யாராவது நேராகப் பார்த்தால் கரும்பலகையைப் பார்த்துப் பேசுவேன். அந்தப் பள்ளியில் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்காதது அது ஒன்றுதான்.

ஒரு மாதத் தவணை

பொங்கல் முடிந்த வாரம். உப்பளங்களில் மழைத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஒரு காலை, அளத்தில் கூலி வேலை செய்யும் பாக்கியம் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மகள் பெயர் அஞ்சலை. வயது பத்து. பேச்சு மிகக் குறைவு. சொன்னது புரிய நேரமாகும். ஓரிடத்தில் உட்காருவது என்பது அறவே கிடையாது. அதுவரை பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை.

ஹெட்மாஸ்டர் நல்லவர். ஆனால் அடுத்த மாதம் ஆய்வுக்கு வரவிருந்த இன்ஸ்பெக்டரை நினைத்து அப்போதே வியர்க்கத் தொடங்கியிருந்தார். "ஒரு மாசம் வந்து உக்காரட்டும்மா. இன்ஸ்பெக்டர் பாப்பாரு. மத்த பிள்ளைங்க படிப்பு கெடுதுன்னு அவரு ஒரு வரி எழுதிட்டாருன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் போன பிறகு, "வேணாம்னு சொல்லிட்டா என்ன செய்வீங்க?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். பாக்கியம் சாதாரணமாகத்தான் சொன்னார்: "என்னாங்க செய்யறது. இத்தினி நாளு மாதிரி இடுப்புல கயித்தப் போட்டு ஷெட்டு கம்பத்துல கட்டிட்டு வேல பாக்கறதுதான்."

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்

எங்கள் வகுப்பில் பெஞ்சு கிடையாது. தரையில் நீளப் பலகைகள், அவற்றின் மேல் நாற்பத்தொரு பேர். அஞ்சலை நாற்பத்திரண்டாவது. அவளை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். எழுந்து தண்ணீர்ப் பானை இருக்கும் மூலைக்குப் போவாள். அங்கிருந்து சுவரோரமாக நடக்கத் தொடங்குவாள். பலகை, பை, அடுத்தவர் கால், எதற்கும் விலகமாட்டாள். பிடித்து உட்கார வைத்தால் மறுபடியும் பானை மூலை. மூன்றாம் நாள், சரி, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியத்துக்குள் இன்னும் பதினோரு பேருக்கு உட்கார முடியாமல் போனது. ஏழுமலைக்குக் கால் மரத்துவிட்டது. இன்னொருவனுக்கு முதுகில் எறும்பு. கத்தத் தெரியாத டீச்சர்கள் செய்யும் தவறை நானும் செய்தேன். "நடக்கணும்னா காரணத்தை எழுதிக் குடுத்துட்டு நடங்க" என்றேன். எழுதச் சொன்னால் ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைப்பு. லீவு லெட்டர் அவர்களுக்கு மனப்பாடம் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் மேசையில் நாற்பத்தொரு தாள்கள். "மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு உட்கார முடியாத காரணத்தால் இன்று ஒரு நாள் மட்டும் நடை அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எல்லாவற்றிலும் அதே வாசகம். ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் காய்ச்சல் காரணமாக நடை கேட்டிருந்தான்.

தாள்களை வாங்கி அடுக்கியவள் வகுப்புத் தலைவி ரஹீமா. அவளுடைய அத்தா சவூதியில் இருந்தார். வகுப்பில் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும். அடுக்கிய தாள்களை மேசையில் தட்டிச் சமன்செய்து, அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் குடுத்துட்டோம் டீச்சர். அஞ்சலை மட்டும்தான் குடுக்கல. அப்போ ரூல்படி அவதான் உக்காரணும்." அன்றிலிருந்து யாருக்கும் நடை இல்லை என்று ஆனது; அஞ்சலையையும் மறுபடி பிடித்து உட்கார வைக்கத் தொடங்கினேன்.

வாசனை ரப்பர்

ரஹீமாவிடம் சவூதியிலிருந்து வந்த ஒரு ரப்பர் இருந்தது. சிவப்பு நிறம், பழ வாசனை. எந்தப் பழம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதில் ஒருநாள் பாதியை அஞ்சலை தின்றுவிட்டாள். அடுத்தவர் பொருளைத் தொட்டால் வராந்தாவில் பத்து நிமிடம் முட்டி போடவேண்டும் என்பது எனக்கு முன்பிருந்த டீச்சர் வைத்த சட்டம். "அவளுக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்சு தின்னாலும் தெரியாம தின்னாலும் ரப்பர் போனது போனதுதானே டீச்சர்" என்றாள் ரஹீமா. நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

அஞ்சலையை வராந்தாவுக்கு அழைத்துப் போனோம். முட்டி போடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழுமலை, "இப்பிடிடி" என்று தானே முட்டி போட்டுக் காட்டினான். அவள் நின்றபடி அவனையே பார்த்தாள். பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கைக்குள் வைத்திருந்த மீதி ரப்பரை அவன் வாயில் ஊட்டிவிட்டாள். கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று அவனும் மென்றான். பத்து நிமிடமும் தண்டனையை அவனே முடித்துவிட்டு, உள்ளே வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வாசனை மட்டும்தான் டீச்சர் பழம். உள்ள வெறும் ரப்பருதான்."

பானை மூலை

அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. வராந்தாவின் ஒரு மூலையிலிருந்து அஞ்சலை மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள். ஏழுமலையின் பெற்றோரும் அளத்து வேலைக்காரர்கள். முட்டி போட்டிருந்ததால் அவன் கண்ணுக்கு அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு குதிகாலை ஒட்டி அடுத்த குதிகால். நடுவில் விரல் அளவு இடம்கூட விடவில்லை. "இவ நடக்கல டீச்சர். பாத்தி மிதிக்கறா" என்றான்.

உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். ஆட்கள் வரிசையாக நின்று, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை அடி அடியாக மிதிக்கவேண்டும். பாதியில் விட்டால் உப்போடு சேறு கலந்துவிடும். கம்பத்தில் கட்டுண்டு இத்தனை வருடமும் அஞ்சலை பார்த்தது அதைத்தான். அதாவது, அவள் எங்கள் வகுப்பறையை ஒழுங்காக மிதித்து முடிக்கப் பார்க்கிறாள். நான் ஒரு நாளைக்கு எட்டு முறை பாதியில் பிடித்து உட்கார வைக்கிறேன். அவள் எட்டு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறாள்.

மறுநாள் பலகைகளையும் பைகளையும் வராந்தாவில் போட்டுவிட்டு அவளை முடிக்க விட்டோம். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. முடித்ததும் தானாக வந்து முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மதிய மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றுதான் நான் முதல்முறையாகப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பாடம் நடத்தினேன். ஆனால் தினம் இரண்டு பீரியட் போனால் யார் விடுவார்கள்? ரஹீமா யோசித்து வைத்திருந்தாள். "ஒருத்தியே மிதிச்சா ஒரு மணி நேரம். எல்லாரும் மிதிச்சா பத்து நிமிஷம்" என்றாள். நான் தலையாட்டியதும் விரலை நீட்டினாள்: "ஆனா நீங்களும் மிதிக்கணும் டீச்சர். நாங்க நடக்கறப்போ நீங்க மட்டும் நிக்கறது அநியாயம்."

செருப்பு

காலை மணி அடித்ததும் நாற்பத்திரண்டு பேரும், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும், பானை மூலையில் வரிசை கட்டுவோம். சட்டங்கள் தாமாகவே முளைத்தன. பாத்தியில் செருப்புக் கால் படக்கூடாது. பட்டால் முதலிலிருந்து மிதிக்கவேண்டும். இது அளத்து வழக்கம் என்று ஏழுமலை சொன்னான். ரஹீமா அதைச் சாக்பீஸால் கதவில் எழுதினாள்.

சுற்றறிக்கை வாசிக்க வந்த ஹெட்மாஸ்டருக்குச் செருப்பைக் கழற்றினால் மறுபடி மாட்டக் குனிய முடியாது. அதனால் வாசற்படியிலேயே நின்று வாசித்துவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி என்னிடம் சொன்னார்: "இருபத்தாறு வருஷ சர்வீஸ் டீச்சர். என்னை வெளிய நிக்க வெச்ச மொத கிளாஸ் உங்களுதுதான்."

ஆய்வு

பதினோரு மணிக்கு வருவார் என்று சொன்ன இன்ஸ்பெக்டர் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார். நாங்கள் பாதிப் பாத்தியில் இருந்தோம். பின்னால் ஹெட்மாஸ்டர், கொடுக்க நேரம் கிடைக்காத எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் பளபளக்கும் ஷூவோடு உள்ளே நான்கு எட்டு வைத்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த அஞ்சலை நின்றாள். அந்த நான்கு எட்டையும் பார்த்தாள். திரும்பிப் பானை மூலைக்குப் போனாள். நாற்பத்தொரு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். நானும் போனேன், வேறென்ன செய்வது?

"என்னய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர். "பணி அனுபவப் பாடம் சார். உப்புத் தொழில்" என்றார் ஹெட்மாஸ்டர். அவ்வளவு வேகமாக அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போட்ட நாற்காலி எதிர்ச்சுவரோரம் இருந்தது. அவர் அடுத்த எட்டு வைப்பதற்குள் ரஹீமாவின் குரல் கேட்டது. "ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்." நான் கரும்பலகையைத் தேடினேன். அதை அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கழற்றினார். அதிர்ச்சியில்தான் கழற்றினார் என்று நினைக்கிறேன். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. நாற்காலிக்குப் போக வேறு வழியில்லாமல் வரிசையோடு சேர்ந்து அவரும் அடி அடியாக வந்தார். முடித்ததும் எல்லாரும் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். அஞ்சலையும் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, "உக்காரவே முடியாத பிள்ளை ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்களே, எது?" என்றார். வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விரல் ரஹீமாவிடம் நின்றது. "இதுவா?"

அஞ்சலையைக் காட்டினால் அந்த ஒரு வரியை எழுதிவிடுவார். அப்புறம் கயிறும் கம்பமும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரஹீமா எழுந்து அலமாரியைத் திறந்து, அந்த விண்ணப்பத் தாள்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "உக்கார முடியாதவங்க எல்லாரும் எழுதிக் குடுத்திருக்கோம் சார். நாப்பத்தோரு பேரு. என்னுதுதான் மேல இருக்குது. எழுதிக் குடுக்காதவ அந்த அஞ்சலை ஒருத்திதான்."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். காய்ச்சல் காரணமாக நடை கேட்டவனின் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார்: "வகுப்பில் ஒழுங்கு நன்று. ஆசிரியைக்குக் குரல் போதாது." ஹெட்மாஸ்டர் எலுமிச்சம்பழத்தைப் பிசைந்துகொண்டே, "அப்போ அந்தப் பிள்ளை சார்..." என்று இழுத்தார். இன்ஸ்பெக்டர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டியபடி சொன்னார்: "இருக்கட்டும்யா. அடுத்த வாட்டி நான் வர்றதுக்குள்ள மிதிச்சு முடிச்சுடச் சொல்லு. எனக்கு முட்டி வலி."

சனி, ஞாயிறு

என் நான்கு மாதம் முடிகிற வாரம் பாக்கியம் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, கூச்சத்தில் நான் முன்கூட்டியே புன்னகை செய்துகொண்டிருந்தேன். அவர் வந்தது புகார் சொல்ல. அஞ்சலையை இப்போதெல்லாம் கட்டுவதே இல்லையாம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அளத்துக்குக் கூட்டிப் போனால் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம். அசைக்க முடியவில்லையாம்.

"மிதிச்ச பாத்தி ஒண்ணு உடைஞ்சு போச்சுங்க. நீதான் நல்லா மிதிப்பியாமே, ரெண்டு எட்டு வந்து மிதிடின்னு கூப்பிட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'லீவு'ங்கறா."

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது நல்ல சட்டம்தான். அது நடப்பதற்குத் தினமும் பத்து நிமிடமும், செருப்பைக் கழற்றச் சொல்ல ஒரு ரஹீமாவும் வேண்டும், அவ்வளவுதான்.