பின்மூடிக்குள் நான்கு பல்

என் அக்கா ஊராருக்குப் பல் கட்டுபவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அக்கா லேபில் உட்கார்ந்து அதற்குப் பொருந்துகிற பல்செட்டைச் செய்து கொடுப்பாள். முப்பது வருஷமாக இதே வேலை. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் என் முழங்கையை இடித்து, "அந்தச் சிரிப்பு என்னுதுடா" என்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "இத்தனை பேர் வாயைப் பார்த்தாச்சு, வீட்டுல வேற ஒண்ணு எதுக்கு?" என்று அனுப்பிவிட்டாள்.

மிச்ச நேரமெல்லாம் வாட்ச். அதுவும் எல்லா வாட்ச்சும் இல்லை. மணி குதிக்கும் வாட்ச் என்று ஒரு வகை உண்டு. முள் கிடையாது. முகப்பில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் ஒரே ஒரு எண். நிமிஷத்துக்குத் தனி ஜன்னல். உள்ளே ஒரு தட்டில் பன்னிரண்டு எண்களும் சுற்றி எழுதியிருக்கும். ஐம்பத்தொன்பது நிமிஷம் அந்தத் தட்டு அசையாது. அறுபதாவது நிமிஷம் ஒரே குதி, அடுத்த எண் வந்து நிற்கும். எல்லாம் அம்மா பிறப்பதற்கு முந்தைய சரக்கு. துருக்கடை என்று நாங்கள் சொல்கிற பழைய சாமான் கடையில் செத்துக் கிடப்பதை வாங்கி வந்து, பல் கட்டும் சாமான்களையே வைத்துப் பிழைக்க வைப்பாள். சிலதை வைத்துக்கொள்வாள், சிலதை அதே கடையில் விற்கக் கொடுத்துவிடுவாள்.

அந்த வாட்ச்சுகளுக்கு ஒரு விதி உண்டு. சாவியைப் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது. திருப்பினால் தட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளைந்துபோகும்; எண் ஜன்னலுக்கு நடுவில் பாதியாகத் தொங்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கே இந்த விதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறாள்.

மாடியில் அக்கா, கீழே நான். நடு அறையில் அம்மா இருந்தாள், போன பிறகு அது காலியாகக் கிடக்கிறது. கடைசி மூன்று வருஷம் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தபால்காரர் என்று நினைத்தாள். "லெட்டர் வந்திருக்கா?" என்று கேட்பாள். "நாளைக்கு வரும்மா" என்பேன். அக்கா பல்லைக் கடிப்பாள். "ஏன்டா பொய் சொல்றே? உன் பையன்மான்னு சொல்லேன்." சொன்னால் அம்மா அழுவாள். அழுகிறவளைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. நான் கோழை, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அக்கா மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"டேய், வந்து பாரு, ஒரு அதிசயம்."

ஜன்னலோரம் மேஜை. வெயில் நேராக அதன் மேல் விழுந்திருந்தது. பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, திறந்த வாட்ச் ஒன்றின் மேல் குனிந்திருந்தாள். ஆறும் ஏழும் ஜன்னலில் பாதிப் பாதியாகத் தொங்கின.

"நேத்து துருக்கடையில கிடைச்சுது. எவனோ சாவியைப் பின்னாடி திருப்பியிருக்கான், மடையன். அது கிடக்கட்டும். ஸ்பிரிங்கைப் பாரு."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். தலைமயிர் அளவு கம்பி, நுனியில் சின்னக் கொக்கி.

"அது வாட்ச் கம்பி இல்லடா. பல்செட்டு கழண்டு விழாம மாட்டுற கம்பி. எங்க லேப்ல இருக்கிற அதே கம்பி! என்னை மாதிரியே எவனுக்கோ புத்தி போயிருக்கு. கை நல்ல கை. ஆளைப் பார்த்தா கும்பிடலாம்."

அந்தக் கொக்கியை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவளுடைய அலமாரியில் இருக்கும் அத்தனை வாட்ச்சிலும் அதே கொக்கி, அதே இடப்பக்கச் சாய்வு. உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

"பின்மூடியைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

வாட்ச் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் கீறிவைப்பார்கள். அக்காவின் அடையாளம் ஒரு குட்டிக் கடவாய்ப்பல், இரண்டு வேரோடு.

மூடியைத் திருப்பினாள். வெயிலில் சாய்த்தாள்.

நான்கு பல் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் தேதி, அவளுடைய கையெழுத்தில். முதல் இரண்டுக்கும் நடுவே பதினொரு மாதம். அடுத்து ஐந்து. அடுத்து மூன்று. நான்காவது பல் போன மாதம் கீறியது.

"இது நான்தான்" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "ஆனா இந்த வாட்ச்சை நான் பார்த்ததே இல்லடா."

எனக்கு அந்த அறையிலிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. பட்டப்பகலில், கூடப் பிறந்தவளைப் பார்த்துப் பயந்தேன். இதே மேஜையில் நான்கு தடவை உட்கார்ந்து இந்த வாட்ச்சைப் பிழைக்கவைத்த அந்த இன்னொருத்தி எங்கே போனாள்?

"கடைக்குப் போய்க் கேட்டுட்டு வா" என்றாள். "எதையும் மறைக்காம வந்து சொல்லு."

கடைக்காரருக்குத் துருக்கடைக்காரர் என்றுதான் பெயர். கடையில் துருப்பிடிக்காத ஒரே சாமான் அவர்தான் என்று அக்கா சொல்வாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வருவீங்கன்னு தெரியும் சார். நானே போன் பண்ணணும்னு இருந்தேன்."

"என்ன நடக்குது இங்கே?"

"முதல் தடவை அவங்களே சரி பண்ணி விக்கக் கொடுத்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு வந்து, விக்காம நின்னுபோய்க் கிடந்த அதையே புதுசா பார்க்கிற மாதிரி வாங்கிட்டுப் போனாங்க. விளையாடுறாங்கன்னு நினைச்சேன். மறுநாள் அழுதுகிட்டே வந்தாங்க. உள்ளே அவங்க குறியைப் பார்த்திருக்காங்க. அன்னைக்கு என் கண் முன்னாடியே சாவியைப் பின்னாடி திருப்பிக் கெடுத்தாங்க சார்."

"அக்காவா? பின்னாடியா?"

"ஆமா. 'கெட்டுப்போனாத்தான் நான் வாங்குவேன். மறந்தப்புறம் வருவேன். வந்தா ஒண்ணும் சொல்லாம வித்துடுங்க. எத்தனை நாள்ல மறக்கிறேன்னு எனக்குத் தெரியணும்'னாங்க. ஒவ்வொரு தடவையும் இதே கதை. போன மாசம் கொடுக்கும்போது, 'ரெண்டு மாசத்துக்குள்ள மறுபடி வந்தா என் தம்பிகிட்ட சொல்லிடுங்க'ன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தபால்காரன் வேலை பார்க்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. உங்களுக்குப் புரியும்னாங்க."

புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எத்தனையோ பொய் தயார் செய்தேன். கடை பூட்டியிருந்தது என்று சொல்லலாம். யாரோ உன் குறியைக் காப்பியடித்திருக்கிறான் என்று சொல்லலாம். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனது.

ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அம்மா அழுத மாதிரியே அழுதாள், சத்தமில்லாமல், வாய் மட்டும் கோணிக்கொண்டு. நான் பக்கத்தில் நின்றேன். ஓடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முதலில் சொன்னது வேலையைப் பற்றித்தான். "நாளைக்கே லேப்ல சொல்லிடணும்டா. அடுத்தவங்க வாயில என் தப்பு இருக்கக் கூடாது. ஞாபகமா என்னைக் கூட்டிட்டுப் போ."

"சரிக்கா."

மூஞ்சி கழுவிவிட்டு வந்து ஸ்பிரிங்கை நிமிர்த்த உட்கார்ந்தாள். கை துளிகூட நடுங்கவில்லை. நான் கட்டிலில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பொருத்தி, சாவியை முன்பக்கமாகத் திருப்பி, நான்கு மணிக்கு வைத்தாள். ஒரு மணி நேரம் போனது. மேஜையில் டக்கென்று ஒரு சத்தம், ஐந்து வந்து நின்றது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். வாட்ச்சைத் திருப்பி, மூடியை மாட்டுவதற்காக எடுத்தாள்.

எடுத்தவள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"டேய்," என்றாள், "இதுல என் பல்லு இருக்குடா. நாலு இருக்கு. நான் இந்த வாட்ச்சைப் பார்த்ததே இல்லையே. துருக்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றியா?"

முகம் தெளிவாக இருந்தது. காலையில் என்னைக் கூப்பிட்டபோது இருந்த அதே முகம், அழுத சுவடே இல்லாமல். நாளைக்குக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் இப்படியே இருக்கும். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது.

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கேட்டுட்டேன்க்கா. மூடியைக் கீழே வை, சொல்றேன்."