ஊதாக்கொடி மேட்டில் பொட்டலக்கா

பொட்டலக்காவுக்குக் கல்யாணம் அமைந்ததே ஒரு சண்டையில்தான். அப்போது அவள் தீவன விதைச் சேமிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். யாரும் விதைக்காமல் தானாக முளைத்து, ஆடுமாடு விரும்பித் தின்கிற காட்டுப் புல்லையும் கொடியையும் தேடி அலைந்து, விதை எடுத்து வருவது அவள் வேலை. ஒருநாள் சாலையோரப் புல்திட்டில் உட்கார்ந்து கதிர் உருவிக்கொண்டிருந்தபோது, நகராட்சியின் புல்வெட்டும் வண்டி தடதடவென்று எதிரே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. அவர் இறங்கி வந்தார்.

"என்னம்மா, வெட்டுற இடத்துல வந்து உக்காந்துக்கிட்டீங்க? வெறும் புல்லுதானே இது?"

"உங்களுக்குப் புல்லு. எனக்குப் பொழப்பு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் வெட்டுங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் அந்தப் பக்கம் போனார். ஆனால் மறுவாரம் சேமிப்பகத்துக்கே வந்து, அடுத்து எந்தத் தெருவில் வெட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இப்படித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒருநாள் மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டார். வெட்டுகிறவருக்கும் சேர்க்கிறவளுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று இரண்டு வீட்டாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒத்துப்போனது. எல்லாரும் அவரை மெஷின்காரர் என்றார்கள். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் மடித்து விதை வைத்துவிடுவதால் அவளைப் பொட்டலக்கா என்றார்கள். பஸ் டிக்கெட் கூட அவளிடம் தப்பாது.

இதில் வதைபட்டவர் மாமியார்தான். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. துணி துவைக்கும் அறையில் கால் வைத்தால் முள்விதை குத்தும். குளியலறைத் தண்ணீர் போகிற துளையில் ஒருமுறை புல்லே முளைத்துவிட்டது.

"உன் பொண்டாட்டி தொவைக்கப் போட்ட சாக்ஸ்ல ஒரு மாட்டைக் கட்டி மேய்க்கலாம்டா" என்று மகனிடம் அலுத்துக்கொள்வார். ஆனாலும் பால்கனியில் நின்று அந்தச் சாக்ஸை உதறும்போது, விதை கீழே விழாமல் ஒரு தட்டைப் பிடித்துக்கொள்வார்.

எத்தனையோ மலைச்சரிவு ஏறி இறங்கியவள் பொட்டலக்கா. அப்போதெல்லாம் ஒரு கீறல் படவில்லை. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாள், பொத்தென்று விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரயில்வே கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டுக்கு ஆபத்து வந்தது. அந்த மேட்டில் ஊதாக்கொடி படர்ந்திருந்தது. பயறு வகையில் ஒரு காட்டுக்கொடி அது. வயலில் விதைக்கிற தீவனக்கொடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வேறு இடங்களில் கட்டடம் வந்து அழிந்துபோய், அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருந்தது அந்த மேடு ஒன்றுதான். மேட்டைச் சமன்படுத்திப் பஸ் நிறுத்தப் போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் செடிகொடியை எல்லாம் மழித்துக் கொடுக்கும் வேலை யாருக்கு வந்தது தெரியுமா? மெஷின்காரருக்கே வந்தது.

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்ற தோரணையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, நம்ம மேடா?"

"நம்ம மேடுதான். வேலையை மாத்திக் குடுங்கன்னு கேட்டுப் பாத்தேன். நான் இல்லாட்டி வேற ஆளு வெட்டத்தான் போறான்."

"காய் இப்பதான் பழுக்குது. இன்னும் ஒரு வாரம் இருந்தாப் போதும்."

மறுநாள் அவர் சூப்பர்வைசரிடம் போனார். கொட்டகைக்கு முன்பக்கமும் வெட்ட வேண்டிய இடம் ஏகப்பட்டது கிடந்தது. "முன்பக்கத்தை முதல்ல முடிச்சிரட்டுமா சார்?" என்றார். சூப்பர்வைசர் நல்ல மனிதர். "எந்தப் பக்கத்துல ஆரம்பிச்சா என்னய்யா, வாரக் கடைசிக்குள்ள முடிஞ்சாச் சரி" என்றார்.

சேமிப்பகத்தின் தலைவியான டாக்டரம்மா வெளியூரில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் மலைப்பக்கம் விதையெடுக்கப் போயிருந்தார்கள். ஆகவே மெஷின்காரரே பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயில் ஏறினால் காய் வெடித்து விதை சிதறிவிடும். பனி ஈரம் காயுமுன் பறிக்க வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அப்படியே செய்தார். பை நிறையக் காயோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி திரும்பி வந்தார்.

அவள் காய்களை மேசையில் கொட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் விரல் நீளம். கொழுகொழுவென்று எண்ணெய் தடவியது போல இருந்தது.

"எத்தனை செடியில பறிச்சீங்க?"

"நாலஞ்சு செடிதான். ஆனா என்னா செடிங்கிறே! சொத்தையெல்லாம் தள்ளிட்டு நல்லதாப் பாத்துப் பாத்துப் பறிச்சேன்."

பொட்டலக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அழகுப் போட்டியா நடத்தினீங்க? எனக்கு அந்த மேட்டுல இருக்கிற எல்லாரும் வேணுங்க. நெட்டை, குட்டை, நோஞ்சான், சீக்கிரம் காய்க்கிறது, கடைசியாக் காய்க்கிறது, நிழல்ல ஒண்டிக் கிடக்கிறது, எல்லாம். ஒண்ணுகிட்ட இருக்கிற குணம் இன்னொண்ணுகிட்ட இருக்காது. மழை இல்லாம எது தாங்கும், நோவு வந்தா எது தாங்கும்னு இன்னிக்கு யாருக்குங்க தெரியும்?"

"இப்படின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலைதான். தப்பு என்னுது. என்னைத் தூக்கிட்டுப் போங்க."

"கால் இப்படி இருக்கிறப்பவா!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து அவரே செருப்பை மாட்டிக்கொண்டு, குடையோடு வாசலில் நின்றார். "நானும் வரேன். இவன் உன்னை எங்கயாவது கவுத்திருவான்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, நகராட்சி வண்டியின் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லரில் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் ராணி மாதிரி பொட்டலக்காவை உட்காரவைத்து, பக்கத்தில் குடையைப் பிடித்தபடி மாமியார் நிற்க, ஊர்வலம் கிளம்பியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூட ஆட்டினார். இவளும் ஆட்டினாள்.

மேட்டின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேலை தொடங்கியது. அவள் நாற்காலியிலிருந்து துடைப்பக் கட்டையை நீட்டி நீட்டிக் காட்டுவாள், அவர் பறிப்பார். பத்தடி தள்ளி அடுத்த செடி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான். ஒரே செடியை மொட்டையடிக்க அவள் விடவில்லை. "வாரக் கடைசியில எப்படியும் மழிக்கத்தானே போறோம், மிச்சம் வைப்பானேன்?" என்று அவர் கேட்டார்.

"ஒரே செடியில கூடுதலா எடுத்தா அதோட பிள்ளைங்களே மூட்டை பூரா நிறைஞ்சிரும். எல்லாருக்கும் சமபங்கு."

மாமியாருக்குக் குனிய முடியாது. அதனால் தரையிலேயே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போனார். உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தான், நின்றவர்கள் பார்க்காதது தெரிந்தது. சரளைக் கல்லுக்கு நடுவில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்த கொடிகள், இலைக்கடியில் ஒளிந்த குட்டிக் காய்கள்.

"இந்தாம்மா, இது என்ன எலிவால் மாதிரி இருக்கு? இதுவும் அதுதானா?"

"அதேதான் அத்தை! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. போடுங்க தனிப் பொட்டலத்துல."

அந்த ஒரு வார்த்தை போதும். அதன்பிறகு மாமியாரை வீட்டுக்குக் கூப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது. வாரம் முழுக்க, காய் பழுக்கப் பழுக்க, தினமும் காலையில் ஊர்வலம் போனது. கடைசி நாள் மெஷின்காரர் வண்டியை மேட்டுக்குத் திருப்பினார். முதல் வரிசையை வெட்டும்போது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மாமியார்தான், "எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்தாச்சுடா, காலி வீட்டைத்தான் இடிக்கிறே, ஓட்டு" என்றார்.

ஊரிலிருந்து திரும்பிய டாக்டரம்மா மேசைமேல் குவிந்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்துத் திட்டினார். பிறகு தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். விதைகளைக் காயவைத்து, ஈரம் புகாத உறையில் அடைத்து, உறைகுளிர் அறையில் வைத்தார்கள். ஒரு பங்கை மட்டும் முளைக்கவைத்துப் பார்க்க எடுத்தார்கள். விதைத்தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த வேலையை மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் டிவி பார்த்தபடி தேய்ப்பார். பிறகு ஈரத்தாளில் முளை எட்டிப் பார்த்ததும் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி மகனைக் கூப்பிட்டார்.

சேமிப்பகத்தின் சோதனைத் தோட்டத்தில் அவற்றை வரிசை வரிசையாக வளர்த்தார்கள். முதல் வருஷம் மழை பொய்த்தது. நெட்டைக் கொடிகள் சருகாகிவிட்டன; சரளைக் கல்லில் கிடந்தவற்றின் பிள்ளைகள் பச்சையாக நின்றன. மாமியார் தலைகால் புரியாமல் ஆடினார். அடுத்த வருஷம் எல்லா ரகத்தையும் மறுபடி விதைத்தார்கள்; மழை கொட்டித் தீர்த்தது. அதே சரளைக் கல் கொடிகள் பூசணம் பிடித்து அழுகின. இந்தத் தடவை மெஷின்காரர் ஆசை ஆசையாகப் பறித்த கொழுத்த காயின் வம்சம் தப்பித்தது.

"பாத்தியா, நான் பறிச்சது!" என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"போன வருஷம் எங்க போச்சாம் உன் வீரம்?" என்றார் அவர் அம்மா. அதன்பிறகு மழை பெய்தால் அவர் பேசுவார். காய்ந்தால் அம்மா பேசுவார். டாக்டரம்மா இரண்டையும் கலந்து, மாடு வளர்ப்பவர்களுக்கு விதை கொடுக்கத் தொடங்கினார்.

பஸ் நிலையம் கட்டி முடித்தபோது ஓரத்தில் ஒரு நீளமான சரிவு வெறும் மண்ணாகக் கிடந்தது. மழை மண்ணை அரித்துக் கொண்டுபோனது. என்ன செய்யலாம் என்று சூப்பர்வைசர் மெஷின்காரரிடம் கேட்க, அவர் மனைவியிடம் கேட்க, அவள் டாக்டரம்மாவிடம் ஓடினாள். கையெழுத்தெல்லாம் ஆகி, ஒரு மழைக்கு முன்னால் எல்லா ரகத்தையும் கலந்து அங்கே தூவினார்கள். இப்போது பொட்டலக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. குளிர் அறைக்கு அவளே பொறுப்பு. சரிவு முழுக்க ஊதாப் பூ. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க காடு மாதிரி, இதை எப்ப வெட்டப் போறீங்க?" என்று மெஷின்காரரைக் கேட்டார்.

"காய் உதிர்ந்ததும் வெட்டிருவேன் சார்" என்றார் அவர்.

"காய் உதிர்ந்திருச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது சார். வீட்டுல சொல்லுவாங்க."