நைனாவின் விக்கல்

எங்கள் நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, விக்கல் ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலை, சித்தூர் வீட்டில் இட்லி சாப்பிடும்போது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள எங்களிடம் வேறு விஷயம் இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் திருப்பதியில் ஒரு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஈரலில் கேன்சர் முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று தெலுங்கில் சொன்னார். நானும் "சரேண்டி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் இடித்தபோது அவரோடு சண்டைகூடப் போட்டேன். அழுகைதான் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு கன்னம் இருக்குமே, உள்ளே முழுக்க அப்படித்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள், முகம் கழுவினாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே மனசு ஒடிஞ்சி பூடுவாரு. எந்தலை மேல அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஈரலில் வீக்கம், மாத்திரையில் கரைந்துவிடும் என்று நைனாவிடம் சொன்னோம். ரிப்போர்ட்டை அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டாள். ஸ்கேன் படத்தை மட்டும் பிரிட்ஜுக்குப் பின்னால் செருகினோம். கறுப்பும் வெளுப்புமாக இருக்கும் அதைப் பார்த்து யாருக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம்தான். நான் ஒரே பெண். திருப்பதியில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. லீவு போட்டுவிட்டு சித்தூரிலேயே தங்கிவிட்டேன்.

புதன்கிழமை ஆரம்பித்த விக்கல் அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை. அம்மா முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள்.

"யாரோ நெனச்சிக்கினே கீறாங்க. உங்க தங்கச்சியா இருக்கும்."

விக்கல் நிற்கவில்லை என்றதும் என் வீட்டுக்காரர், பழைய டிரைவர், பக்கத்துத் தெரு பால்காரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தாள். யார் பேரில் நிற்கிறதோ அவர்தான் நினைக்கிறார் என்பது கணக்கு. நைனா முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என் பஸ்ல ஏறி எறங்குனவங்க அத்தினி பேரும் நெனச்சா நான் இன்னா ஆவறது?"

மறுநாள் கைவைத்தியம். நாக்கில் சர்க்கரை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏழு மடக்குத் தண்ணீர். இஞ்சிச் சாறு. நாட்டு மருந்துக்கடையில் மயிலிறகைச் சுட்ட சாம்பல் வாங்கி வந்து அம்மா தேனில் குழைத்துக் கொடுத்தாள். அரை மணி நேரம் நின்றது. அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றப் போனாள், தீப்பெட்டி கையில் இருக்கும்போதே திரும்ப ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் அவரால் சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் கட்டில் ஒரு தரம் அசையும். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது கேட்கும். கேட்டுக்கொண்டே நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பேன். என்மீது எனக்கே வெறுப்பாக இருந்தது, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலுக்குக் கீழே தட்டு மாதிரி ஒரு தசை இருக்கிறதாம், மூச்சை இழுப்பது அதுதான். அது திடீரென்று வெட்டி இழுக்கும்போது தொண்டை டக்கென்று மூடிக்கொள்வதுதான் விக்கல். அவசரமாகச் சாப்பிட்டாலும், சோடா குடித்தாலும் வரும், தானே போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றால் அந்தத் தசையையோ அதற்குப் போகிற நரம்பையோ ஏதோ சீண்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நைனாவுக்கு வீங்கிய ஈரல் கீழேயிருந்து அதை முட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மாத்திரை எழுதி அனுப்பினார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லையா என்று கேட்டார். மனநோய்க்குக் கொடுப்பதைத்தான் கொஞ்சமாக விக்கலுக்கும் கொடுப்பார்களாம். எங்க நைனாவுக்கு மனசு ரொம்ப நல்லா இருக்கிறது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். அது அவரைத் தூங்க வைத்தது. தூக்கத்திலும் விக்கினார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குப்பம் டவுனிலிருந்து மாமா வந்தார். நைனாவின் தங்கை வீட்டுக்காரர். மாமா நல்ல மனிதர், ஆனால் ஓட்டை வாய். அவர் காதில் விழுந்தது அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடும். அதனாலேயே கேன்சர் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. ஈரல் வீக்கம் என்றுதான் அவருக்கும் தெரியும்.

விக்கல் என்று கேட்டதுமே மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இதுக்குப் போயி அஞ்சி நாளா? தூக்கிவாரிப் போடற மாதிரி ஒண்ணு சொன்னா போதும், பட்டுனு நின்னுடும்."

ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு விக்கல் வந்தபோது, மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று கத்தி அதை நிறுத்தியவர் அவர். அந்தக் கதையை இன்னொரு தரம் சொன்னார். நைனா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து அவருக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா ரசம் எடுத்து வர உள்ளே போயிருந்தாள்.

"மச்சான், உம்மேல பாம்பு!" என்றார் மாமா. விக்கல் வந்தது.

"மச்சான், மாடில தீ!" அதற்கும் வந்தது.

தண்ணீர் பாட்டில் எடுக்க பிரிட்ஜுப் பக்கம் போனவர், பின்னாலிருந்து ஸ்கேன் உறையை உருவினார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகத்தை டாக்டர் மாதிரி இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"மச்சான், எப்பிடிச் சொல்றதுன்னு தெரில. இது கேன்சரு. மூணு மாசந்தான் தாங்குமாம்."

விக்கல் நின்றது.

"தோ பாரு! நின்னுச்சா இல்லியா?" என்று மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

நாங்கள் சிரித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. நான் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால், "போங்க மாமா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது விளையாட்டாகவே போயிருக்கும். என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா சமையலறை வாசலில் ரசக் கிண்ணத்தோடு நின்றாள், ரசம் அவள் காலில் வழிந்தது, அவள் காலை நகர்த்தவில்லை.

நைனா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவனை ஐம்பது பேர் நிற்கும் பஸ்ஸில் முகத்தை வைத்தே கண்டுபிடித்தவர். எங்கள் இரண்டு முகத்துக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பிறகு அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்க வேண்டிய சிரிப்பை அவரே சிரித்தார்.

"ஏன் மாப்ள, உனக்கு வேற வெளையாட்டே கெடைக்கலியா? நல்லாத்தான் பயந்துட்டேன். இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, சோத்தப் போடுங்க."

நாலு வாய் சாப்பிடுவதற்குள் விக்கல் திரும்பி வந்தது.

மாமாவுக்கும் புரிந்துவிட்டது. அவரை வழியனுப்ப ஆட்டோ வரை போனேன். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"உங்க வாய்க்குப் பயந்துதான் மாமா சொல்லல."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஆட்டோவில் ஏறினார். நான் சமாதானம் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அம்மா சமையலறையில் காத்திருந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமாடி?"

"இல்லம்மா. மாமா எப்பவும் இப்பிடித்தானே."

அம்மா மூச்சு விட்டாள். அவள் நம்ப விரும்பினாள், அதனால் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை நைனாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கார் வைக்கலாம் என்றேன், பஸ்தான் என்று பிடிவாதம் பிடித்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கண்டக்டர் பையனுக்கு ஆட்களை எப்படி நகர்த்தி நிறுத்துவது என்று விக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அவன் "சரே அண்ணா, சரே" என்று கேட்டுக்கொண்டான். சந்திரகிரி தாண்டியதும் நைனா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மாப்ள சொன்ன மூணு மாசம் கரெக்டா?"

டாக்டர் மாசக் கணக்கு சொல்லவில்லை என்றேன்.

"அதுக்கும் கம்மியா?"

"ம்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு விக்கல் வந்து போயின.

"உங்கம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாத. எங்கிட்டயிருந்து மறைக்கணும் மறைக்கணும்னுதான் அவ தெம்பா ஓடிக்கினு கீறா. அதையும் புடுங்கிட்டா ஒக்காந்துடுவா."

"சரி நைனா."

"எந்தலை மேல அடிச்சி சொல்லு."

அவர் தலையில் கை வைத்தேன். முடி கொட்டி மெல்லிசாக, சூடாக இருந்தது. சின்ன வயசுக்கு அப்புறம் நான் அவரை அப்படித் தொட்டது அன்றைக்குத்தான். அப்போதும் அழுகை வரவில்லை, ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரும் வரை எடுக்கவும் இல்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். விக்கல் குறைந்தது, வந்தது, ஒரு வாரம் போல நின்றது, திரும்ப வந்தது. ஐந்து வாரம் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அம்மா தினமும் அவரிடம், வீக்கம் வத்துது, முகத்துல களை வந்துடுச்சி என்பாள். அவர் ஆமாம் என்பார், வர்ற தையிலே உன்னைக் காசிக்குக் கூட்டிக்கினு போறேன் என்பார். என்ன புடவை எடுத்துக்கொள்வது என்றுகூட அம்மா என்னிடம் கேட்டாள். அவர் காதில் விழட்டும் என்று கேட்டாளா, நிஜமாகவே நம்பிக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நீலம் என்றேன்.

ஒரு காலையில் விக்கல் சத்தம் இல்லாமல் எழுந்தேன். அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றாள், மாத்திரை கேட்டுவிட்டது என்று. நைனா அதற்கப்புறம் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகும் ஆட்கள் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்றைத் தவறாமல் சொல்வாள்.

"இன்னா நோவுன்னுகூட தெரியாமயே பூட்டாரு மகராசன். கடைசி வரிக்கும் அவரு மனசு நோவாம நான் பாத்துக்கினேன். எனக்கு அது ஒண்ணு போதும்."

அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"இல்லடி?"

"ஆமாம்மா" என்பேன். இன்றைக்குக் காலையில் போனிலும் கேட்டாள்.