கோமுகி அணைக்குப் போகாத கப்பல்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு சாக்குப்பைக்குள்ளிருந்து அந்தக் கப்பல் வந்தது. ஒரு முழ நீளம், பாதி வண்ணம், மேல்தட்டு இல்லை. முகர்ந்தால் ஒயர் பற்றவைக்கும் ஈயப்பற்று வாசனை அடித்தது. அறுபதைத் தாண்டியவனின் மூக்கை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஈயப்பற்று என்றாலே எனக்கு அன்பழகன்தான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடையில் இருவரும் வேலை பார்த்தோம். கல்யாணமுருங்கைக் கட்டையை அவன் குடைந்தான். பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரை நான் பொருத்தினேன். கடலையே பார்த்திராத இருவருக்கு எதற்குக் கப்பல் என்று கேட்காதீர்கள். கல்வராயன் மலையடியில் கோமுகி அணை நிரம்பியதும் அதில் விடுவதாக இருந்தோம்.

அணை நிரம்புவதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. கடையில் உட்கார்ந்தால் தூரத்தில் கோடரி விழுவது கேட்கும். முதலாளி கதவைப் பாதி இறக்கியே வைத்திருந்தார். வெட்டியவர்கள் என் சாதிக்காரர்கள். அன்பழகன் சின்னசேலம் பக்கத்துக் காலனிக்காரன். அதுவரை கடைக்குள் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

"அம்மா தனியா கீது. பாத்துட்டு வந்துடறேன்" என்று நடந்தே கிளம்பினான். அன்று சாயங்காலம் அவன் போன திசையில் புகை எழுந்தது. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அப்பா வாசலை மறித்து நின்றார். மறுநாள் காலை அவர் வயலுக்குப் போனதும் சைக்கிளை எடுத்தேன். பாதி வழி அதைத் தோளில் தூக்கித்தான் மரங்களைத் தாண்டினேன்.

காலனியில் கூரைகள் இல்லை, கரிந்த மண்சுவர்கள் மட்டும் நின்றன. அன்பழகனின் வலது கை துணியில் தொங்கியது. அவன் அம்மா தீய்ந்த அரிசியில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ யார் வூட்டுப் புள்ள?"

அப்பா பெயரைச் சொன்னேன். முறத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்டு. இங்க இருந்தா ரெண்டு பக்கமும் உனக்கு வம்பு" என்றான் அன்பழகன்.

கை கோணலாகவே கூடியது. பற்றவைக்கும் கோலை அவனால் பிடிக்க முடியவில்லை. கட்டட வேலைக்கு என்று அம்மாவோடு பெங்களூர் போனான். அதன்பின் நான் கப்பலைத் தொடவில்லை.

இப்போது மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விட்டேன். சுற்றுகிறது. மேல்தட்டை அவனிடம் கேட்காமல் ஒட்ட மனம் வரவில்லை. முகவரி கிடைக்குமா என்று நேற்று அந்த ஊருக்குப் போனேன். சாலையில் ஒரு புளியமரம்கூட இல்லை. காலனி இருந்த இடத்தில் தரையில் பரப்பிய மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர் என் வயதுக்காரர்தான். இங்கே குடியிருந்தவர்களைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"இங்க வூடே இருந்ததில்லீங்களே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.